லொடலொடக்கும் அம்பாசிடர் கதவு: சைக்கிள் டியூப், ஃபெல்ட், கட்டில் நாடா கொண்டு சத்தத்தை அடக்கும் முறை

செட்டிநாட்டு ஊர்களில் பழைய கார் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு), கோயில் திருவிழா என்று வீட்டைத் திறக்கும்போது கொட்டகையிலிருந்து வண்டியும் வெளியே வரும். நாலு நாள் காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் பிள்ளையார்பட்டிக்கும் ஓடும். பிறகு துணி போர்த்தி நிறுத்திவிடுவார்கள். இரும்பு இந்த வாழ்க்கையை ஓரளவு தாங்கிக்கொள்ளும். ரப்பரும் ஃபெல்ட்டும் (இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி) தாங்காது. நின்ற இடத்திலேயே காய்ந்து, இறுகி, சுருங்கிவிடும். அவை சுருங்கிய அளவுக்கு இரும்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. அடுத்த முறை வண்டியை எடுத்தால் காது கொடுத்துக் கேட்க முடியாத லொடலொடப்பு.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. தேவையான பொருள்களில் முக்கால்வாசி சைக்கிள் கடை, குஷன் கடை, செருப்புத் தைப்பவர், லேத் பட்டறை, அரிசி ஆலையின் மூலை ஆகிய இடங்களில் கிடைக்கும். ஆனால் எந்த இடத்துக்கு எந்தப் பொருள் என்பதில் தவறினால், சத்தம் போவதற்குப் பதில் வேறு ஏதாவது உடையும். இங்கே சொல்பவை பெரும்பாலும் அம்பாசிடரை மனதில் வைத்து எழுதியவை. பிரீமியர் பத்மினிக்கும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கும் கொள்கை ஒன்றுதான், அளவுகள்தான் மாறும்.

எந்த இரண்டு பொருள் மோதிக்கொள்கின்றன என்று கண்டுபிடித்ததும் கேட்க வேண்டிய கேள்வி இது: இவை ஒன்றோடொன்று உரசி நகர வேண்டியவையா, கொஞ்சம் அசைந்துகொடுக்க வேண்டியவையா, அசையவே கூடாதவையா? உரசி நகரும் இடத்துக்கு ஃபெல்ட் அல்லது நைலான். அசைந்துகொடுக்கும் இடத்துக்கு ரப்பர். அசையக் கூடாத இடத்துக்கு நல்ல இறுக்கமும், தேவைப்பட்டால் அடியில் ஒரு கெட்டிப் பட்டையும். நகர வேண்டிய கண்ணாடிக்கு வெறும் ரப்பரை வைத்து, கண்ணாடி ஏற்றும் மெஷினின் பல்லை உடைத்துக்கொள்வது எங்கள் பக்கம் அடிக்கடி நடக்கும் தவறு.

முதலில் காது

நம் மொழியிலேயே சத்தத்துக்குப் போதுமான பெயர்கள் இருக்கின்றன. அவற்றைச் சரியாகப் பயன்படுத்தினால் பாதி வேலை முடிந்துவிடும். ‘லொடலொட’ என்றால் கனமான ஒன்று தன் கூட்டுக்குள் தளர்ந்திருக்கிறது: கதவுக் கண்ணாடி, பானெட், டிக்கியில் ஸ்டெப்னி. ‘கிணுகிணு’ என்றால் சிறிய இரும்புக் கம்பி ஒரு தகட்டில் படுகிறது: கதவுக்குள் பூட்டின் கம்பி, கழன்ற ஸ்க்ரூ. ‘டொக் டொக்’ என்று பள்ளத்துக்கு ஒரு முறை மட்டும் வந்தால் சஸ்பென்ஷன். ‘விர்ர்ர்’ என்று எஞ்சின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுற்றும்போது மட்டும் வந்தால் சைலன்சர், அதன் தொங்கல், அல்லது கியர் கம்பிகள். ‘கிறீச்’ என்பது தளர்ச்சி அல்ல, உரசல். அதற்கு மருந்து வேறு.

அடுத்து வண்டியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, ஜாக்கிக் கம்பி, ஸ்பேனர் பை, ஸ்டெப்னி, டேஷ்போர்டு அறையில் கிடக்கும் சில்லறை எல்லாம் வெளியே. பின் சீட்டைத் தூக்கி அடியில் பாருங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் எலி கொண்டுவந்து போட்ட புளியங்கொட்டையும் வேப்பங்கொட்டையும் கதவின் அடிப் பள்ளத்தில் உருண்டுகொண்டிருக்கலாம். அதைக் கண்ணாடிச் சத்தம் என்று நினைத்து வேலையைத் தொடங்கினால் ஒரு நாள் வீண். டயர் காற்றையும் பாருங்கள். கூடுதல் காற்று அடித்த வண்டியில் இல்லாத சத்தமெல்லாம் வரும்.

காலி வண்டியிலும் சத்தம் இருந்தால் தெருவுக்கு வாருங்கள். இதில் செட்டிநாட்டுக்கு ஒரு வசதி இருக்கிறது. நகரத்தார் வீடுகள் முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடிபவை. பக்கச் சுவர் நீளமாக, உயரமாக, இடைவெளி இல்லாமல் ஓடும். அந்தச் சுவரை ஒட்டி, ஒரு ஆள் தூரத்தில், இரண்டாவது கியரில் 15 கி.மீ. வேகத்தில் சுவர்ப் பக்கக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு ஓட்டுங்கள். வண்டிக்கு வெளியிலும் அடியிலும் எழும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பிக் காதுக்கு வரும். பிறகு எதிர்த் திசையில் வந்து மறு பக்கத்தைச் சுவருக்குக் கொடுங்கள். எந்தப் பக்கம், முன்னா பின்னா என்பது தெளிவாகிவிடும். சத்தம் சுவரிலிருந்து திரும்பாமல் வண்டிக்குள்ளேயே கேட்டால் அது டேஷ்போர்டு, சீட், உள் கைப்பிடி வகை.

ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின் சீட்டில் அமர்ந்து சந்தேகப்படும் இடத்தைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் சத்தம் நின்றால் இடம் அதுதான். சாக்பீஸால் குறி போடுங்கள். வெளியே அழுத்த முடியாத இடங்களுக்கு வண்டியை நிறுத்திவிட்டு, துணி சுற்றிய கையால் கதவு, மட்கார்டு, டிக்கி மூடி என்று வரிசையாகத் தட்டிப் பாருங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் ஓர் அங்குலக் கனமுள்ள பலகையைத் தரையில் போட்டு ஒரு சக்கரத்தை மட்டும் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். நாலு சக்கரத்துக்கும் தனித்தனியாகச் செய்தால் சஸ்பென்ஷன் சத்தம் எந்த மூலை என்று தெரிந்துவிடும்.

கதவுக் கண்ணாடி

பழைய வண்டிகளில் மிகப் பெரிய தொல்லை இதுதான் என்பதால் இதில் நிதானமாக நிற்கலாம்.

சோதனை எளிது. கண்ணாடியைப் பாதி இறக்கி மேடுபள்ளத்தில் ஓட்டும்போது சத்தம் வந்து, முழுக்க ஏற்றினால் நின்றுவிட்டால், கண்ணாடி ஓடும் சேனலின் (இரும்புக் காடியின்) உள் அடைப்பு தேய்ந்திருக்கிறது. முழுக்க ஏற்றிய பிறகும் சத்தம் வந்தால், கண்ணாடியின் அடி விளிம்பைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டையில் ரப்பர் காய்ந்திருக்கிறது, அல்லது மெஷினின் உருளை தேய்ந்திருக்கிறது. பாதி இறங்கிய கண்ணாடியின் மேல் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து உள்ளும் புறமும் ஆட்டிப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள கண்ணாடி ஆடும், ஆனால் ‘டக்’ என்று சேனலில் இடிக்காது.

திறப்பதற்கு முதலில் உள் கைப்பிடிகள். அவற்றைப் பிடித்திருப்பது ஒரு ஸ்க்ரூவாகவோ குறுக்கே போகும் சிறு பின்னாகவோ இருக்கும். பின் என்றால் கைப்பிடிக்குப் பின்னால் உள்ள வட்டத் தட்டைக் கதவுப் பக்கம் அழுத்திப் பிடித்தால் பின் தெரியும். மெல்லிய ஆணியால் தள்ளி எடுக்கலாம். அந்தப் பின் உருண்டு காணாமல் போகும், கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள். உள் அட்டை ஓரத்தில் கிளிப்புகளால் மாட்டப்பட்டிருக்கும். அட்டையைப் பிடித்து இழுத்தால் கிளிப் கதவிலேயே நிற்கும், அட்டை கிழியும். கிளிப்புக்குப் பக்கத்தில் தட்டையான கத்தியைக் கொடுத்து ஒவ்வொன்றாக நெம்ப வேண்டும்.

கண்ணாடியைப் பாதியில் நிறுத்தி, மெஷினின் கை கண்ணாடியின் அடிப்பட்டையில் மாட்டியிருக்கும் இடத்திலிருந்து நகர்த்தி எடுங்கள். இந்த நேரத்தில் கண்ணாடியைப் பிடிக்க இன்னொரு கை கட்டாயம் வேண்டும். கண்ணாடியை மேலே தூக்கி, சாய்த்து எடுத்துத் துணியில் கிடத்துங்கள். பழைய அடைப்பைச் சுரண்டி எடுத்தால் பெரும்பாலும் அடியில் துருவும் செம்மண்ணும்தான் இருக்கும். கம்பி பிரஷால் தேய்த்து, துடைத்து, சேனலின் உட்புறம் துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பெயின்ட் ஒரு கை பூசி ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். இதை விட்டுவிட்டுப் புது அடைப்பை ஒட்டினால், ஐப்பசி மழையில் துரு ஊதி அடைப்பை வெளியே தள்ளும்.

இப்போது அளவு. சேனலின் உள் அகலத்தை மேல், நடு, கீழ் மூன்று இடத்தில் வெர்னியர் அளவுகோலால் எடுங்கள். கண்ணாடியின் கனத்தையும் எடுங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து இரண்டால் வகுத்தால் ஒரு பக்கத்துக்கு வேண்டிய அடைப்பின் கனம். உதாரணத்துக்கு, சேனல் 11 மி.மீ., கண்ணாடி 5 மி.மீ. என்றால் பக்கத்துக்கு 3 மி.மீ. மூன்று இடத்திலும் அளவு ஒன்றாக வராவிட்டால் சேனல் வளைந்திருக்கிறது என்று பொருள். அகன்ற இடத்தை மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டிச் சரிசெய்த பிறகே மேற்கொண்டு போக வேண்டும்.

வெறும் ஃபெல்ட் போட்டால் வழுக்கும். ஆனால் ஓரிரு மாதத்தில் அமுங்கித் தளர்ந்துவிடும். வெறும் டியூப் போட்டால் தளராது, ஆனால் கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கும், சித்திரை வெயிலில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே இரண்டையும் சேர்க்கிறோம்: முதுகுக்குச் சைக்கிள் டியூப், முகத்துக்கு ஃபெல்ட். டியூப் ஸ்பிரிங் மாதிரி பின்னாலிருந்து தள்ளும், ஃபெல்ட் கண்ணாடியை வழுக்க விடும். சைக்கிள் டியூப் கனம் சுமார் 1 மி.மீ. இருக்கும். அதோடு 2 மி.மீ. ஃபெல்ட் சேர்த்தால் மேலே சொன்ன 3 மி.மீ. வந்துவிடும். பசையின் கனம் கூடுவதால் கண்ணாடிக்கு லேசான பிடிப்பும் கிடைக்கும்.

28 அங்குலச் சைக்கிளின் பழைய டியூப் ஒன்று எடுத்து, வால்வு உள்ள இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, நீளவாக்கில் பிளந்து விரியுங்கள். சுமார் 2 மீட்டர் நீளத்தில் குறைந்தது இரண்டு பட்டை எடுக்கலாம். டியூப்பின் உட்புறம் வழவழப்பான தூள் இருக்கும். அதை பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, 80 நம்பர் உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஒட்டிய ஃபெல்ட் ஒரு வாரம்கூட நிற்காது. ப்யூட்டைல் (செயற்கை ரப்பர்) டியூப் என்றால் இன்னும் அழுத்தித் தேய்க்க வேண்டும், அதில் பசை சுலபமாகப் பிடிக்காது.

சேனலின் ஆழம் 10 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், டியூப்பை 29 மி.மீ. அகலத்துக்கு வெட்டுங்கள். ஃபெல்ட்டை மூன்று நாடாவாக வெட்டுங்கள்: 9, 7, 9 மி.மீ. டியூப்பின் மேல் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டும்போது நடுவே 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். அந்த இரண்டு கோடும்தான் மடிப்பு. இடைவெளி விடாமல் ஒரே ஃபெல்ட்டாக ஒட்டினால் மூலையில் மடங்காது. உருண்டு நின்று, வழி அடைபடும். பசைக்குச் செருப்புக் கடைகளில் பயன்படும் ரப்பர் பசை சரியாக இருக்கும். இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு சேர்த்து, சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டுங்கள். மரத்துக்குப் பூசும் வெள்ளைப் பசை கூடாது, மழை பட்டால் கரைந்துவிடும்.

ஃபெல்ட்டில் கம்பளி ஃபெல்ட் நன்றாக வழுக்கும், சத்தத்தையும் நன்றாக உறிஞ்சும். ஆனால் தண்ணீரைத் தேக்கும், பூச்சி அரிக்கும். வாரம் தவறாமல் ஓடும் வண்டிக்குக் கம்பளி. வருடத்தில் பத்து நாள் ஓடும் வண்டிக்குக் குஷன் கடையில் தரைக்கு விரிக்கும் மெல்லிய செயற்கை இழை விரிப்பு. கொஞ்சம் முரடாக இருந்தாலும் மழைக்கும் பூச்சிக்கும் தாங்கும். எங்கள் தேர்வு பெரும்பாலும் இரண்டாவதுதான், காரணம் வண்டிகள் நிற்கும் விதம்.

அடைப்பை உள்ளே செலுத்த ஒரு அச்சுக்கட்டை வேண்டும். காரைக்குடியில் பழைய வீட்டு மரம் விற்கும் கடைகளில் தேக்குத் துண்டு கிடைக்கும். அதில் 5 மி.மீ. கனம், 30 மி.மீ. அகலம், சேனல் நீளத்துக்கு ஒரு சட்டம் இழைத்து, விளிம்பைத் தேய்த்து, பாலித்தீன் தாள் சுற்றுங்கள். சேனலின் உட்புறம் முழுக்கப் பசை பூச வேண்டாம். மேல் முனையிலும் கீழ் முனையிலும் நடுவே 10 செ.மீ.க்கு ஒரு பொட்டும் போதும். நாளை மாற்ற வேண்டியிருந்தால் சுலபமாக வரும். அடைப்பை மடித்து உள்ளே வைத்து, தேக்குச் சட்டத்தைக் கண்ணாடி மாதிரி செருகி ஒரு இரவு விடுங்கள். தேக்கு ஈரத்துக்கு அதிகம் ஊதாது, அதனால்தான் அது. பெட்டி செய்யும் மலிவு மரம் ஊதிச் சேனலை விரித்துவிடும். அடைப்பு சேனலின் அடிவரை போக வேண்டாம். கடைசி 5 மி.மீ. காலியாக இருந்தால் தண்ணீர் இறங்கும்.

கண்ணாடியை மாட்டும் முன் அடிப்பட்டையையும் பாருங்கள். அதில் கண்ணாடி அசைந்தால் பட்டையைக் கழற்றி ரப்பர் மாற்ற வேண்டும். கழற்றும் முன் கண்ணாடியில் பட்டையின் இரு முனையும் எங்கே இருக்கிறது என்று டேப் ஒட்டிக் குறியுங்கள். இடம் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் கண்ணாடி சாய்ந்து ஏறும். புது ரப்பருக்கு மறுபடியும் சைக்கிள் டியூப்தான், இங்கே ஃபெல்ட் கிடையாது, ஏனென்றால் இது உரசி நகரும் இடம் அல்ல, லேசாக அசைந்துகொடுக்கும் இடம். டியூப் பட்டையைக் கண்ணாடியின் அடி விளிம்பில் கவிழ்த்து, சோப்புத் தண்ணீர் தடவி, இரும்புப் பட்டையை ஒரு முனையிலிருந்து மரச்சுத்தியலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி ஏற்றுங்கள். ஒரு டியூப் தளர்வாக இருந்தால் இரட்டையாக வையுங்கள். கல்லாக இறுகும் இரட்டைப் பசை ஊற்றி ஒட்டிவிடலாம் என்று சிலர் செய்கிறார்கள். அப்படி ஒட்டிய கண்ணாடிக்கு அசைந்துகொடுக்க இடமே இல்லை, கதவை ஓங்கிச் சாத்தும்போது விளிம்பில் விரிசல் விழும்.

மெஷினின் கையில் உள்ள சிறு உருளை ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் லேத்தில் நைலான் கம்பியிலிருந்து ஒன்று கடைந்து வாங்குங்கள். பழைய உருளையின் தேயாத பக்கத்தை அளவாகக் கொடுக்க வேண்டும். இந்த உருளைக்கும் பல் சக்கரத்துக்கும் கிரீஸ் வைக்கலாம். சேனலுக்கு மட்டும் கிரீஸோ தேங்காய் எண்ணெயோ வேண்டாம். நம் செம்மண் புழுதி அதில் ஒட்டி, சில நாளில் உப்புத்தாளாக மாறிக் கண்ணாடியில் நெடுங்கோடு கிழிக்கும். ஓட்டம் கனமாக இருந்தால் கண்ணாடியின் பக்க விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். கைப்பிடி இரண்டு விரலுக்குச் சுற்ற வேண்டும். முழங்கை பலம் கொடுக்க வேண்டியிருந்தால் அடைப்பு கனம் கூடிவிட்டது. உடனே நிறுத்தி ஒரு பக்க ஃபெல்ட்டை மெல்லியதாக மாற்றுங்கள். ‘ஓட ஓடச் சரியாகிவிடும்’ என்று விட்டால் மெஷினின் பல் போகும்.

அட்டையை மூடும் முன் ஒரு சின்ன வேலை. பூட்டிலிருந்து உள் கைப்பிடிக்குப் போகும் கம்பி கதவுத் தகட்டில் படுகிற இடங்களில்தான் கிணுகிணுச் சத்தம் பிறக்கிறது. பழைய சைக்கிள் வால்வுக்குப் போடும் மெல்லிய வால்வு டியூப்பை இரண்டு அங்குலம் வெட்டிக் கம்பியில் மாட்டிவிடுங்கள். கம்பி தடிமனாக இருந்தால் டியூப்பை நீளவாக்கில் பிளந்து சுற்றி நூலால் கட்டலாம்.

கதவே ஆடினால்

சாத்திய கதவை வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்துங்கள். உள்ளே போய் வந்தால் பீடிங் (கதவைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு) தட்டையாகிவிட்டது. ஒரு செய்தித்தாள் நாடாவை இடையில் வைத்துச் சாத்தி இழுத்தும் பார்க்கலாம். எதிர்ப்பே இல்லாமல் வந்தால் அந்த இடத்தில் பீடிங் படவில்லை. பீடிங் உள்ளே குழாயாக இருந்தால் மாற்றாமலே உயிர் கொடுக்கலாம்: மீன் தொட்டிக்குக் காற்று விடும் மெல்லிய குழாயைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து உள்ளே செலுத்துங்கள். கதவு முழுக்க வேண்டாம், தட்டையான பகுதிக்கு மட்டும்.

பிறகு கதவைப் பாதி திறந்து அடியில் பிடித்து மேலே தூக்குங்கள். ஏறி இறங்கினால் கீல் பின் தேய்ந்திருக்கிறது. அப்போது ஸ்ட்ரைக்கரை (கதவுப் பூட்டு மாட்டிக்கொள்ளும், தூணில் உள்ள இரும்பை) நகர்த்திப் பயனில்லை. ஓட்டையை அளந்து, அதற்கேற்ப 0.2 அல்லது 0.3 மி.மீ. கூடுதல் தடிமனில் லேத்தில் பின் கடைய வேண்டும். கீல் சரியாக இருந்தால் மட்டும் ஸ்ட்ரைக்கருக்கு வாருங்கள். அதன் ஓரத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டு, ஒரு தடவைக்கு 1 மி.மீ.க்கு மேல் நகர்த்தாமல் சோதியுங்கள். உள்ளே அதிகம் தள்ளினால் கதவு ஓங்கிச் சாத்தினால்தான் பூட்டும். கல்யாண வீட்டில் பத்துப் பேர் ஏறி இறங்கும் வண்டியில் அந்தப் பூட்டு நீடிக்காது.

பானெட்டுக்குக் கட்டில் நாடா

பானெட் தகடு உடலில் நேராகப் படாமலிருக்க அந்தக் காலத்தில் நெய்த நாடாவை விளிம்பில் பதித்திருப்பார்கள். அது கிழிந்துபோன வண்டியில் பானெட் முழுக்க உறுமும். நாடாக் கட்டிலுக்குப் பின்னும் பருத்தி நாடா இதற்கு அப்படியே பொருந்தும். பிளாஸ்டிக் நாடா வேண்டாம், அது பெயின்ட்டைத் தேய்க்கும். பருத்தி நாடாவை நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தைத்து, உருக்கிய மெழுகில் முக்கி எடுத்து ஆறவிடுங்கள். மெழுகு தண்ணீரை விலக்கும், உரசலையும் குறைக்கும். பழைய ஓட்டைகளில் மெழுகு நூலால் தைத்துக் கட்டுங்கள். ஓட்டை இல்லாத இடத்தில் ரப்பர் பசை போதும்.

பானெட் உட்காரும் ரப்பர் பொத்தான்களை ஹவாய்ச் செருப்பில் வெட்டலாம் என்று பலர் சொல்வார்கள். வெட்டலாம், ஆனால் எஞ்சின் சூட்டில் அது ஒரு கோடையில் அப்பளமாகிவிடும். டயரில் அடி வைத்துத் தைத்த செருப்பின் அடித்துண்டு நிற்கும். உயரம் சரிதானா என்று பார்க்க, பொத்தான் மேல் களிமண் உருண்டை வைத்துப் பானெட்டை மூடித் திறந்து பாருங்கள். நசுங்கிய கனம் எவ்வளவோ அவ்வளவும் இன்னும் 1 மி.மீ.யும் உயர்த்த வேண்டும்.

ஹெரால்டில் பானெட் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் சாய்வது. அதில் பின் விளிம்பு உட்காரும் ரப்பர் கூம்புகளும் இரு பக்கக் கொக்கிகளின் இறுக்கமும்தான் முக்கியம். அந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) இருப்பதால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: உடலைச் சேஸிஸில் இறுக்கும் போல்ட்டுகளுக்கு அடியில் உள்ள பட்டைகள். அவை நைந்திருந்தால் முழு உடலும் தடதடக்கும். அரிசி ஆலையில் கழித்துப்போட்ட கான்வாஸ் மில் பட்டை இதற்கு அருமையான பொருள். துணியும் ரப்பரும் மாறி மாறி ஒட்டியது, நசுங்கிப் பிதுங்காது. பழைய பட்டையின் கனத்துக்கே வெட்டி, ஒரே நேரத்தில் ஒரு போல்ட்டை மட்டும் கழற்றி மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் கதவு இடைவெளிகள் கலைந்துவிடும். அம்பாசிடருக்குத் தனி சேஸிஸ் இல்லை, அதில் இந்த வேலையும் இல்லை.

சைலன்சர், ஹேண்ட் கியர்

சைலன்சரைக் குளிர்ந்த பிறகு மரச்சுத்தியலால் தட்டுங்கள். உள்ளே கலகலத்தால் உள் தகடு உடைந்திருக்கிறது, அதை மாற்றத்தான் வேண்டும். கலகலக்காமல் குழாய் மட்டும் ஆடினால் தொங்கலைச் செய்துகொள்ளலாம். நைலான் இழை டயரின் பக்கச்சுவரிலிருந்து 25 மி.மீ. அகலம், 100 மி.மீ. நீளத்தில் ஒரு துண்டு. ரேடியல் லாரி டயர் வேண்டாம், அதன் பக்கச்சுவரில் எஃகுக் கம்பி இருக்கும். வெட்டவும் வராது, கையையும் கிழிக்கும். ஓட்டையை டிரில் போடாமல் குத்துளியால் குத்துங்கள், டிரில் இழைகளைப் பிய்த்துவிடும். ஓட்டைக்கும் முனைக்கும் 15 மி.மீ. விட்டு, இரு பக்கமும் அகல வாஷர் வைத்து மாட்டுங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஆக்ஸிலரேட்டரைத் திடீரென்று அழுத்தும்போது எஞ்சின் ஒரு பக்கம் சாயும், குழாயும் கூடவே போகும். அந்த நேரத்தில் குழாய் எதிலும் இடிக்காமலிருக்க ஒரு விரல்கடை இடம் வேண்டும். டீசல் வண்டியில் நிறுத்தும்போது வரும் குலுக்கல் இன்னும் பெரிது, இடமும் அதிகம் விட வேண்டும்.

ஹேண்ட் கியர் வண்டியில், அதாவது கியர் கம்பு ஸ்டீயரிங் கம்பத்திலேயே உள்ள வண்டியில், நியூட்ரலில் நிற்கும்போது ஸ்டீயரிங் கம்பத்தருகே விர்ரென்று கேட்டால் கியர் கம்பியைக் கையால் பிடியுங்கள். நின்றுவிட்டால், கீழே கம்பிகள் சேரும் இடத்தில் பின்னும் ஓட்டையும் தேய்ந்திருக்கின்றன. உதாரணமாக 8 மி.மீ. பின் போகும் ஓட்டை நீள்வட்டமாகிவிட்டால், அதை 12 மி.மீ.க்கு வட்டமாக்கி, வெளி 12, உள் 8 மி.மீ. அளவில் நைலான் புஷ் கடைந்து அடித்து, புதுப் பின் போடலாம். ஓட்டையைச் சுற்றி 4 மி.மீ. இரும்பாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சாது என்றால் 10 மி.மீ.யோடு நிறுத்திப் பித்தளையில் புஷ் செய்யுங்கள், மெல்லிய சுவருக்கு நைலான் தாங்காது. உள் அளவில் 0.1 மி.மீ. தளர்வு விடுங்கள். நைலான் ஈரக்காற்றில் கொஞ்சம் ஊதும், தளர்வே இல்லாவிட்டால் மழைக்காலத்தில் கியர் இறுகும். காட்டர் பின்னை (பின் கழலாமல் தடுக்கும் பிளவுக் கம்பியை) பழையதையே நிமிர்த்திப் போடாதீர்கள்.

வீட்டில் செய்யக் கூடாதவை

ஸ்டீயரிங் இணைப்புகள், பிரேக், முன் சஸ்பென்ஷன் முட்டுகள், பெட்ரோல் குழாய் ஆகிய நான்கிலும் கைவேலைப் பொருள் வேண்டாம். அங்கே சத்தம் வந்தால் அது எச்சரிக்கை. அதை அடக்குவது ஆபத்து. பின் பட்டை ஸ்பிரிங்கின் ‘ஷேக்கில்’ (ஸ்பிரிங்கின் முனையை உடலோடு சேர்க்கும் இணைப்பு) ரப்பரையும் கடையில் வாங்கிப் போடுவதே நல்லது. டயரில் வெட்டிய புஷ் வட்டமாக வராது, கொஞ்ச நாளில் போல்ட் இரும்போடு உரச ஆரம்பிக்கும். அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டாலும் இந்த மாதிரிச் சின்ன ரப்பர்கள் இன்னும் கிடைக்கின்றன. மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். வண்டி தூக்கிய நிலையில் ஷேக்கில் நட்டைக் கையளவுக்கு மட்டும் இறுக்கி, சக்கரம் தரையில் ஊன்றி வண்டியின் பாரம் முழுக்க இறங்கிய பிறகே கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும், அதே ‘டொக்’ திரும்பி வரும். அடியில் வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல் அகலமான மரக்கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுங்கள். செங்கல் திடீரென்று நொறுங்கும், அது வேண்டவே வேண்டாம்.

முடித்த வண்டியை 200 கி.மீ. ஓட்டிய பிறகு, தொட்ட நட்டு எல்லாவற்றையும் மறுபடி ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். ரப்பரும் மில் பட்டையும் முதல் சில நாளில் அமுங்கும், கால் சுற்று இறுக்கம் வாங்கும். இறுக்கியதும் நட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்தால், அடுத்த முறை தளர்ந்ததா என்பது பார்த்தவுடன் தெரியும்.

மறுபடி துணி போர்த்தி நிறுத்தும் முன், கதவின் அடி விளிம்பில் உள்ள தண்ணீர்த் துளைகளில் ஒரு கம்பியை விட்டுச் செம்மண்ணைக் குத்தி எடுங்கள். பீடிங் முழுக்க முகப் பவுடர் தடவுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் பெயின்ட்டோடு ஒட்டி, திறக்கும்போது பிய்ந்து வரும். கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிடுங்கள். பாதியில் நின்றால் ஃபெல்ட் அந்த இடத்தில் மட்டும் அமுங்கும். எலிக்கும் வழி கிடைக்கும்.